லவ்டேல் ஞாயிறு கணித வகுப்பு: காசு கொடுத்துப் போகலாமா?

ஊட்டிக்கும் லவ்டேலுக்கும் நடுவில் ஒரு வீட்டின் பழைய கார் ஷெட்டில் ஞாயிறுதோறும் கணித வகுப்பு நடக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, விளம்பரம் கிடையாது, முடித்தால் சான்றிதழும் கிடையாது. கல்லூரியில் கணிதம் நடத்தி ஓய்வு பெற்ற ஒரு பேராசிரியை நடத்துகிறார். வருகிற எல்லோருக்கும் அவர் மேடம்தான். எட்டு ஞாயிறு, காலை பத்து முதல் ஒரு மணி வரை. கட்டணம் 2,400 ரூபாய், படிக்கிற பிள்ளைகளுக்குப் பாதி. இந்தச் சுற்றில் எடுத்துக்கொண்ட பொருள், இருவேறு கணித அமைப்புகளை அல்லது வெளிகளைச் சேர்த்து மூன்றாவது ஒன்றைக் கட்டுவது எப்படி, இயற்பியல் அதை எங்கெல்லாம் கையாள்கிறது என்பது. நான் கோத்தகிரிப் பக்கம் அரசுப் பள்ளியில் +2 இயற்பியல் எடுக்கிறேன். இயற்பியல்காரனுக்கு இதில் என்ன கிடைக்கும் என்று பார்க்கத்தான் சேர்ந்தேன்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகலாம். +2 கணிதத்தை ரசித்துப் படித்த யாருக்கும் கொடுத்த காசுக்கு மேலேயே கிடைக்கும். நெட், கேட் என்று மதிப்பெண்ணைக் குறிவைத்து வருகிறவர்கள் வேறு இடம் பார்ப்பது நல்லது. மேடம் ஒரு கேள்விக்கு ஒரு மணி நேரம் செலவழிப்பார். பாடத்திட்டம் என்று ஒரு தாள் கொடுக்கிறார்கள், அதை யாரும் பின்பற்றுவதில்லை.

ஷெட்டில் பதினைந்து பேர் உட்காரலாம். நிஜக் கரும்பலகை, நிஜச் சாக்பீஸ். என்னோடு இருந்தவர்களில் ஊட்டி அரசுக் கல்லூரி மாணவிகள் சிலர், அருவங்காட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், கேத்தியிலிருந்து வீட்டிலிருந்தபடியே மென்பொருள் வேலை செய்யும் ஒரு தம்பி. பெரியவர்தான் அதிகம் கேள்வி கேட்பார். மேடம் அவரை அண்ணா என்றும் என்னை சார் என்றும் மாணவிகளைக் கண்ணு என்றும் கூப்பிடுவார். மூன்று பேருக்கும் விழும் திட்டு மட்டும் ஒன்றே.

முதல் வகுப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான். கோட்டையும் கோட்டையும் பெருக்கினால் தளம், வட்டத்தையும் கோட்டையும் பெருக்கினால் உருளை, வட்டத்தையும் வட்டத்தையும் பெருக்கினால் சைக்கிள் டியூப். டியூபின் மேல் எந்தப் புள்ளியையும் இரண்டு கோணங்களால் சொல்லிவிடலாம், ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது. இதற்கு மூன்று மணி நேரமா என்று எனக்கே சலிப்பாக இருந்தது. அப்புறம் பன்னிரண்டரை மணிக்கு மேடம் கேட்டார்: "ஒரே கணத்துல, அதாவது ஒரே உறுப்புக் கூட்டத்துல, ரெண்டு அமைப்பைக் கொண்டுவந்து வைக்கிறோம்னு வையுங்க. ஒரே லயன்ல குடியிருந்தா சொந்தமாயிடுமா?" மீதி வகுப்புகள் எல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

அவர் சொல்ல வந்தது இது. எண்கோட்டில் கூட்டல் என்றொரு அமைப்பு இருக்கிறது. எந்த இரண்டையும் சேர்க்கலாம், எதையும் மாற்றாத உறுப்பு ஒன்று உண்டு, ஒவ்வொன்றுக்கும் எதிர் உறுப்பும் உண்டு. இப்படிப்பட்ட அமைப்புக்குக் குலம் என்று பெயர். எது எதற்கு அருகில் என்று சொல்லும் இடவியல் என்ற இன்னொரு அமைப்பும் இருக்கிறது. இரண்டும் ஒரே கோட்டின் மேல் இருப்பதால் மட்டும் அவை சேர்ந்துவிட்டன என்று ஆகாது. கூட்டும்போதும் எதிரெண் எடுக்கும்போதும் அருகில் இருந்தவை அருகிலேயே இருக்க வேண்டும். அந்த ஒப்பந்தம் இருந்தால்தான் அதற்கு இடவியல் குலம் என்று பெயர். வழக்கமான எண்கோட்டில் ஒப்பந்தம் இருக்கிறது, அதனால் நாம் அதைக் கவனிப்பதே இல்லை. அது எப்படி முறியும் என்று காட்ட மேடம் சோர்கன்ஃப்ரே கோடு என்ற ஒன்றை எடுத்தார். அதே எண்கள், அதே கூட்டல். ஆனால் ஒரு புள்ளியை வலப்பக்கமிருந்து நெருங்கினால் மட்டுமே அருகில் வந்ததாகக் கணக்கு. இங்கே கூட்டல் ஒழுங்காக நடக்கிறது. இரண்டு எண்களும் வலப்பக்கமிருந்து நெருங்கினால் கூட்டுத்தொகையும் வலப்பக்கமிருந்தே நெருங்கும். ஆனால் குறியை மாற்றிப் பாருங்கள். வலம் இடமாகிவிடும், நெருங்கி வந்தது நெருங்காததாகிவிடும். குலமும் இருக்கிறது, இடவியலும் இருக்கிறது, இடவியல் குலம் இல்லை.

நல்ல எடுத்துக்காட்டு என்றால் இப்படி இருக்க வேண்டும். ஒரு நிபந்தனை நிறைவேறி, அடுத்தது சறுக்குகிறது. எந்த ஆணி எந்தப் பலகையைத் தாங்குகிறது என்று அதில்தான் தெரியும்.

அடுத்த வாரம் கோளம். பந்தின் மேற்பரப்பில் உள்ள புள்ளிகளுக்கு ஒரு பெருக்கல் விதி கொடுத்து அதை வழவழப்பான குலமாக மாற்ற முடியுமா? வட்டத்துக்கு முடிகிறது, கோணங்களைக் கூட்டினால் போதும். பந்துக்கு முடியாது. காரணத்தை மேடம் கரும்பலகையில் எழுதவே இல்லை, ஒரு ரப்பர் பந்தையும் ஸ்கெட்ச் பேனாவையும் பெரியவர் கையில் கொடுத்துவிட்டார். குலமாக இருந்தால் சமனி உறுப்பில் (பெருக்கினாலும் எதையும் மாற்றாத புள்ளியில்) ஒரு சின்ன அம்புக்குறி வரைந்து, பெருக்கல் மூலமாகவே அதை ஒவ்வொரு புள்ளிக்கும் தூக்கிக்கொண்டு போகலாம். எங்கும் அறுபடாமல், எங்கும் பூச்சியமாகாமல் பந்து முழுக்க அம்புக்குறிகள் படிந்துவிடும். பந்தின் மேல் அப்படிப் படியவைக்க முடியாது என்பது பழைய தேற்றம். எங்காவது ஒரு சுழி விழுந்தே தீரும். பெரியவர் சளைக்காமல் வரைந்துகொண்டிருந்தார், சுழியை ஓரிடத்தில் அழித்தால் இன்னோரிடத்தில் முளைத்தது. கோளங்களில் குலமாகக்கூடியவை மூன்றே: இரண்டு புள்ளிகளால் ஆன பூச்சியப் பரிமாணக் கோளம், வட்டம், நாற்பரிமாண வெளியில் இருக்கும் முப்பரிமாணக் கோளம். கடைசியாகச் சொன்னதற்குக் குலம் கொடுப்பவை 1843-இல் ஹாமில்டன் கண்டுபிடித்த, நான்கு கூறுகள் கொண்ட எண்களான குவாட்டர்னியன்கள். கணினி விளையாட்டுகளில் உருவங்களைச் சுழற்றுவதற்கு இன்றைக்கும் அவைதான் என்று கேத்தித் தம்பி சொன்னான்.

இதெல்லாம் ஒப்பந்தம் போதாமல் போகும் கதை. ஒப்பந்தம் அதிகமானால் என்ன ஆகும் என்று காட்டிய வகுப்புதான் என் கணக்கில் இந்தச் சுற்றிலேயே சிறந்தது. அதற்கு மட்டும் 2,400 ரூபாய் என்றாலும் கொடுக்கலாம்.

ஒரே கணத்தில் இரண்டு செயல்கள் இருக்கின்றன. ஒன்றைப் பக்கவாட்டில் ஒட்டுவது என்றும் மற்றதை மேலும் கீழுமாக ஒட்டுவது என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் ஒரே சமனி உறுப்பு, அதாவது ஒட்டினாலும் எதையும் மாற்றாத காலிக் கட்டம். ஒரே ஒரு நிபந்தனைதான். நான்கு உறுப்புகளை இரண்டுக்கு இரண்டு கட்டத்தில் வைத்தால், முதலில் வரிசைகளை ஒட்டிவிட்டுப் பிறகு மேலும் கீழும் ஒட்டினாலும், முதலில் நிரல்களை ஒட்டிவிட்டுப் பிறகு பக்கவாட்டில் ஒட்டினாலும் விடை ஒன்றே வர வேண்டும். கேட்டால் நியாயமான, சாதுவான நிபந்தனை. மேடம் மேல் இடது கட்டத்தில் க என்றும் கீழ் வலது கட்டத்தில் ச என்றும் எழுதி, மற்ற இரண்டைக் காலியாக விட்டார். வரிசை வரிசையாக ஒட்டினால் மேலே க, கீழே ச, மேல்கீழாகச் சேர்கின்றன. நிரல் நிரலாக ஒட்டினால் இடப்பக்கம் க, வலப்பக்கம் ச, பக்கவாட்டில் சேர்கின்றன. விடை ஒன்றே என்பதுதான் நிபந்தனை. ஆக இரண்டு செயலும் ஒன்றேதான்! அப்புறம் மூலைகளை மாற்றி, க-வை மேல் வலதிலும் ச-வைக் கீழ் இடதிலும் வைத்து அதே கணக்கைப் போட்டார். இப்போது மேல்கீழாக க-ச என்பதும் பக்கவாட்டில் ச-க என்பதும் சமம். ஆக வரிசை மாறினாலும் விடை மாறாது, பரிமாற்று விதி தானாக வந்து விழுகிறது. இரண்டு அமைப்புகளைச் சேர்க்கப் போனோம், கையில் மிஞ்சியது ஒன்று, அதுவும் சாதாரணக் கூட்டல் மாதிரி ஒன்று.

1962-இல் எக்மன், ஹில்டன் இருவரும் எழுதிய வாதம் இது. மேடம் கூடவே ஒரு பழைய சங்கதியும் சொன்னார். 1932-இல் சூரிச்சில் நடந்த உலகக் கணித மாநாட்டில் எட்வார்ட் செக் என்பவர், ஒரு வெளியின் துளைகளை அளக்க உயர்பரிமாணக் குலங்களை முன்வைத்தார். அவை எல்லாமே பரிமாற்று விதிக்குக் கட்டுப்படுகின்றன, அதனால் புதிதாக ஒன்றும் சொல்லாது என்று அங்கிருந்த பெரியவர்கள் நினைத்தார்கள், அவரும் அதைப் பெரிதாகத் தொடரவில்லை. பிற்பாடு ஹுரெவிச் அதே குலங்களை எடுத்து வளர்த்தார், இன்று அவை இல்லாமல் இடவியல் இல்லை. அவை பரிமாற்று விதிக்குக் கட்டுப்படுவதற்குக் காரணம் இதே நான்கு கட்டம்தான். வகுப்பில் ஒரு மாணவி வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். நானும்தான்.

என் பக்கத்து விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு பொருட்களைச் சேர்த்து ஒரே அமைப்பாகப் பார்ப்பது இயற்பியலில் அன்றாட வேலை. ஒரு கோட்டில் ஓடும் துகளின் நிலையைச் சொல்ல இரண்டு எண்கள் போதும், இடமும் உந்தமும். இரண்டு துகள் என்றால் நான்கு, மூன்று என்றால் ஆறு. பரிமாணங்கள் கூடுகின்றன. குவாண்டம் இயற்பியலில் பரிமாணங்கள் பெருகுகின்றன. இரண்டு பரிமாண வெளியில் இருக்கும் கியூபிட்டை (குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகை) இன்னொன்றோடு சேர்த்தால் நான்கு. இங்கே பல புத்தகங்கள் மாணவர்களை விட்டுவிடுகின்றன, ஏனென்றால் இரண்டும் இரண்டும் நான்கு, ஈரிரண்டும் நான்கு. எது நடந்தது என்றே தெரியாது. மேடம் அதனால் மூன்றில் தொடங்கினார். கூட்டினால் ஆறு, பெருக்கினால் எட்டு. பத்து என்றால் இருபதுக்குப் பதில் 1,024. ஐம்பது என்றால் நூறு எங்கே, பதினொரு கோடி கோடியைத் தாண்டும் எண் எங்கே! குவாண்டம் கணினியைச் சாதாரணக் கணினியில் பாவனை செய்வது ஏன் மூச்சுத் திணறுகிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான காரணம் கிடையாது.

முன்னதற்கு நேர்க்கூட்டல் என்று பெயர், பின்னதற்கு டென்சர் பெருக்கல். குவாண்டம் உலகில் ஒரு துகள் இந்தப் பெட்டியிலோ அந்தப் பெட்டியிலோ இருக்கிறது என்றால் அந்த ஒரே துகளின் வெளிகளை நேர்க்கூட்டல் செய்ய வேண்டும். இந்தத் துகளும் இருக்கிறது, அந்தத் துகளும் இருக்கிறது என்றால் டென்சர். 'அல்லது' என்பதற்கு ஒன்று, 'உம்' என்பதற்கு இன்னொன்று. இது பாடநூல்களில் இவ்வளவு வெளிச்சமாகச் சொல்லப்பட்டு நான் பார்த்ததில்லை.

மாணவி ஒருத்தி விடவில்லை. "மேடம், ரெண்டு காசு சுண்டினாலும் நாலு விதம்தானே? இதுல குவாண்டம் எங்க வருது?" மேடத்துக்கு முகமெல்லாம் மலர்ச்சி. காசுக்கும் நான்கு வாய்ப்புகளின் நிகழ்தகவுகளை எழுதலாம், இரண்டு காசும் ஒட்டிப்பிறந்தவை மாதிரி எப்போதும் ஒன்றாகவே விழுந்தால் அந்தப் பட்டியலையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் காசு விஷயத்தில் விழுந்த பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் இருக்கிறது, பட்டியல் நம் அறியாமையைத்தான் சொல்கிறது. பின்னிப்பிணைந்த இரண்டு கியூபிட்டுகளில் முழு அமைப்பைப் பற்றி அறிய வேண்டியதெல்லாம் அறிந்த பிறகும், தனித்தனியாக எதற்கும் சொந்த நிலை வெக்டர் (அதன் நிலையை முழுதாகச் சொல்லும் எண் பட்டியல்) கிடையாது. 1935-இல் ஸ்ரோடிங்கர் இதற்குப் பின்னிப்பிணைவு (entanglement) என்று பெயர் வைத்தார். காசுக் கதைபோல இதையும் விளக்கிவிட முடியுமா என்று சோதனையிலேயே கண்டுபிடிக்கலாம் என 1964-இல் ஜான் பெல் காட்டினார். அந்தச் சோதனைகளைச் செய்த கிளவ்சர், ஆஸ்பே, ஸைலிங்கர் மூவருக்கும் 2022-இல் நோபல்.

பிணைந்திருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க அவர் சொன்ன வழியை நான் அப்படியே என் பள்ளிக்குக் கொண்டுபோய்விட்டேன். இரண்டு கியூபிட்டுகளின் நிலையில் வரும் நான்கு கெழுக்களையும் 2×2 அணியாக எழுதுங்கள். அணிக்கோவை பூச்சியம் என்றால் பிரிக்கலாம், இல்லையென்றால் பிணைந்தது. பெல் நிலை என்கிற பிணைந்த நிலையில் மூலைவிட்டத்தில் இரண்டும் 1/√2, மற்றவை பூச்சியம், அணிக்கோவை 1/2. முடிந்தது. +1 பிள்ளை போடக்கூடிய கணக்கு.

எல்லா வகுப்பும் இந்தத் தரத்தில் இல்லை. முடிவிலாப் பெருக்கல் பற்றிய வகுப்பு அவசரக்கோலம். எண்ணற்ற வெளிகளைப் பெருக்கும்போது அருகில் என்பதை இரண்டு விதமாக வரையறுக்கலாம், ஒன்றுதான் உருப்படும் என்றார். கட்ட இடவியல் என்ற மற்றதில் ஒரு எண்ணை எடுத்து எல்லா இடத்திலும் அதையே எழுதும் சாதாரணச் சார்புகூடத் தொடர்ச்சியை இழந்துவிடும் என்றார். ஏன் என்று கேட்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஷெட்டுக்குத் தகரக் கூரை. ஊட்டி மழையில் தகரக் கூரைக்குக் கீழே டிகோனாஃப் தேற்றம் கேட்டவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், எனக்கு ஒரு சொல்லும் காதில் விழவில்லை. அடுத்த வாரம் அதைத் திரும்ப எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

விருந்தினராக ஒருவர் வந்து இயற்பியலின் சமச்சீர்களை, அதாவது விதிகளை மாற்றாத மாற்றங்களை, சேர்ப்பது பற்றிப் பேசினார். விஷயம் பிரமாதமானது. வெளி-காலத்தின் சமச்சீர்கள் பத்துப் பரிமாணக் குலம், துகள்களின் உட்சமச்சீர்கள் எட்டு, மூன்று, ஒன்று எனப் பன்னிரண்டு. இந்த இரண்டையும் வெறும் பக்கத்துப் பக்கத்துப் பெருக்கலாக அல்லாமல் ஆழமாகப் பின்ன முடியாது என்று 1967-இல் கோல்மனும் மாண்டுலாவும் நிறுவினார்கள். அதிலிருந்து தப்பிக்கும் ஒரு வழிதான் மீச்சமச்சீர் (supersymmetry). இவ்வளவையும் அவர் ஸ்லைடு போட்டு நாற்பது நிமிடத்தில் ஓட்டிவிட்டார். கேள்விக்கு நேரமில்லை. மேடமே பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அது நல்ல அறிகுறி அல்ல.

அதே நாள் பிற்பாதியில் மேடம் வெளி-காலத்தைத் தானே எடுத்தார், அது வேறு ரகம். வெளி பெருக்கல் காலம் என்று நாம் சும்மா சொல்லிவிடுகிறோம். ஆனால் பெருக்கல் என்றால் நேற்றைய இடத்தையும் இன்றைய இடத்தையும் ஒப்பிட்டு 'அதே இடம்' என்று சொல்லத் தெரிய வேண்டும். லவ்டேலில் நின்று பார்ப்பவருக்கும் மலை ரயிலில் உட்கார்ந்திருப்பவருக்கும் 'அதே இடம்' ஒன்றல்ல. ரயில் ஒரே வேகத்தில் நேராகப் போகும்வரை இருவரில் யாரும் தப்பில்லை. கலிலியோவின் உலகிலேயே வெளியும் காலமும் பெருக்கல் ஆகாது. ஒவ்வொரு கணத்துக்கும் ஒரு முப்பரிமாண வெளி இருக்கிறது, அவற்றை ஒன்றோடொன்று பொருத்தும் இயல்பான வழி இல்லை. 1908-இல் கொலோன் நகரில் மின்கோவ்ஸ்கி வெளி-காலம் பற்றிப் பேசியபோது எல்லோருக்கும் பொதுவான 'அதே கணம்' என்பதும் போயிருந்தது. மேட்டுப்பாளையம் ரயில் குன்னூரைத் தாண்டி ஊட்டிவரை ஏறியதும் அதே 1908-தான். இதைச் சொன்னபோது பெரியவர் கைதட்டினார்.

முறுக்கிய பெருக்கலுக்கு மேடம் காய்கறி மூட்டை கட்டும் பிளாஸ்டிக் நாடாவைக் கொண்டுவந்தார். நேராக ஒட்டினால் உருளை, இரண்டு விளிம்பு. அரைச்சுற்று முறுக்கி ஒட்டினால் மோபியஸ் பட்டை, ஒரே விளிம்பு. எந்தச் சிறு துண்டை வெட்டிப் பார்த்தாலும் இரண்டும் ஒரே மாதிரி, வட்டத்தின் ஒரு துண்டு பெருக்கல் நாடாவின் அகலம். முழுசாகப் பார்த்தால்தான் வித்தியாசம். அருகருகே பெருக்கல், மொத்தத்தில் அப்படி இருக்க வேண்டிய கட்டாயமில்லை: இதுதான் ஃபைபர் பண்டில். 1931-இல் ஹைன்ஸ் ஹாப்ஃப், நாற்பரிமாணத்தில் இருக்கும் முப்பரிமாணக் கோளத்தை வட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டமும் சாதாரணப் பந்தின் ஒரு புள்ளிக்குக் கீழே வருமாறு அடுக்கினார். எந்த இரண்டு வட்டத்தை எடுத்தாலும் சங்கிலிக் கண்ணிகள்போலக் கோத்திருக்கும். பந்தையும் வட்டத்தையும் நேராகப் பெருக்கி இதை அடையவே முடியாது. அதே 1931-இல் டிராக், ஒற்றைக் காந்தத் துருவம் ஒன்று எங்காவது இருந்தாலும் மின்னூட்டம் ஏன் முழு எண் மடங்குகளில் மட்டும் வருகிறது என்பதற்கு விளக்கம் கிடைத்துவிடும் என்று எழுதினார். இரண்டும் ஒரே கட்டுமானம். ஒருவர் எழுதியது மற்றவர் துறைக்குத் தேவை என்று தெரியாமலே பல பத்தாண்டுகள் ஓடின. 1975-இல் வூவும் யாங்கும் இரண்டு பக்கச் சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அட்டவணை போட்டார்கள்: இயற்பியலார் கேஜ் புலம் (மின்காந்தம் போன்ற விசைகளை விவரிக்கும் புலம்) என்பதும் கணிதத்தார் இணைப்பு (பண்டிலில் அடுத்தடுத்த புள்ளிகளின் மேல் இருப்பவற்றைப் பொருத்தும் விதி) என்பதும் ஒன்றே. அந்த இணைப்புகள் எல்லாவற்றையும் ஒரே பொது மூலத்திலிருந்து வரவழைக்கலாம் என்று மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தில் இருந்த எம். எஸ். நரசிம்மனும் எஸ். ராமனனும் 1961-இலேயே நிறுவியிருந்தார்கள். நரசிம்மன் நம்ம வடஆற்காட்டுக்காரர். இந்தப் பெயர்களை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்கிறார்கள்?

அதே டாடா நிறுவனத்தின் இன்னொரு வேலையைப் பார்க்க ஏழாவது ஞாயிறு வெளியே போனோம். முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கி. உள்ளே போக அனுமதி வாங்கவில்லை, பாலாடா சாலையில் ஒரு திருப்பத்தில் நின்று எதிர்ச்சரிவைப் பார்த்ததோடு சரி. இங்கேயே பிறந்து வளர்ந்தவன், எத்தனையோ முறை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-இல் செயல்பாட்டுக்கு வந்தது, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம் என்பதெல்லாம் ஊட்டிக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். மேடம் கேட்டது ஒன்றே: "இது எதுக்கும் எதுக்கும் பெருக்கல்?"

சரிவில் 24 பரவளையச் சட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின்மேல் முழு நீளத்துக்கும் 1,100 எஃகுக் கம்பிகள் நேராக ஓடுகின்றன. பரவளையத்தின் ஒரு புள்ளிக்கு ஒரு முழுக் கம்பி. பரவளையம் பெருக்கல் நேர்கோடு என்பதை யாரோ இரும்பில் எழுதி வைத்த மாதிரி. வானத்திலிருந்து வரும் அலையைப் பரவளையம் ஒரு கோட்டில் குவிக்கிறது, அந்தக் கோட்டில் 1,056 டைபோல் ஆண்டெனாக்கள். கிழக்கு மேற்காகப் பார்க்க வேண்டுமானால் சட்டங்கள் உருளையின் அச்சைச் சுற்றித் திரும்பும். வடக்கு தெற்காகப் பார்க்க எதுவும் அசைவதில்லை, ஆண்டெனாக்களின் அலைக் கட்டத்தை (phase) மின்னணுவில் மாற்றிக்கொள்கிறார்கள். இரண்டு காரணிகளுக்கும் இரண்டு கைப்பிடி, ஒன்று மற்றதைத் தொந்தரவு செய்யாது. சரிவு சுமார் 11 டிகிரி, ஊட்டியின் அட்சரேகையும் அதேதான். அதனால் உருளையின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது, ஒரே ஒரு சுழற்சியை வைத்து ஒரு பொருளை ஒன்பதரை மணி நேரம் தொடர்ந்து பார்க்கலாம். அப்படி ஒரு சரிவைத் தேடித்தான் இங்கே வந்தார்கள்.

கேத்தித் தம்பி உடனே, அப்படியானால் வானமும் இரண்டு கோணங்களின் பெருக்கல்தானே என்றான். மேடம் சிரித்துக்கொண்டே, துருவத்தில் போய் நின்று உன் கிழக்கு மேற்குக் கோணத்தைச் சொல்லு என்றார். அங்கே எல்லாக் கோணமும் ஒரே புள்ளி. வானம் கோளம், பெருக்கல் அல்ல. தொலைநோக்கி துருவம் வரை போவதில்லை, அது போகிற எல்லைக்குள் பெருக்கல் பழுதில்லாமல் வேலை செய்கிறது. நான் மொத்தச் சுற்றையும் இந்த ஒரு பதிலில் பார்த்தேன். காற்றுதான் தாங்க முடியவில்லை. குல்லா இல்லாமல் வந்த மாணவிகளுக்கு மேடம் தன் சால்வையைக் கொடுத்துவிட்டார்.

இனி குறைகள். குறிப்புகளுக்குத் தனியாக 150 ரூபாய் வாங்குகிறார்கள், அது நியாயமில்லை. கையெழுத்தை ஜெராக்ஸ் எடுத்தது, ஓரங்கள் வெட்டுப்பட்டிருக்கின்றன, என் பிரதியில் டென்சர் பக்கங்கள் தலைகீழ். பயிற்சிக் கணக்குகளுக்கு விடை கிடையாது. வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் மேடம் இரவு ஒன்பதரைக்கு மேல் குரல்பதிவாகப் பதில் போடுவார், பதில் அருமையாக இருக்கும், ஆனால் குறியீட்டுக் கணக்கைக் குரலில் கேட்டு எழுதுவது தனி வித்தை. ஹீட்டர் ஒன்றுதான், முன்வரிசைக்கு. பதினொன்றரைக்குத் தேநீரும் வர்க்கியும் தருகிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். குறிப்புகளைச் சரிசெய்து, விருந்தினரை விட்டுவிட்டால் நாலரை. இயற்பியல் ஆசிரியர்கள் டென்சர் வகுப்புக்கும் எக்மன்-ஹில்டன் வகுப்புக்கும் மட்டுமாவது வந்து உட்காருங்கள், ஒரு நாளுக்கு 350 ரூபாய் கொடுத்தும் சேர்க்கிறார்கள். வண்டியில் வருகிறவர்கள் சாலையோரமே நிறுத்த வேண்டும், திரும்பும்போது காட்டெருமை நின்றால் ஹாரன் அடிக்காமல் காத்திருங்கள். அடுத்த சுற்று பெருக்கல் அல்ல, வகுத்தல்: ஒரு வெளியில் சில புள்ளிகளை ஒன்றாக எண்ணி ஈவு வெளி எடுப்பது. சீசன் கூட்டத்தில் சேரிங் கிராஸைத் தாண்டவே முடியாது என்பதால் ஏப்ரல், மே மாதங்களில் வகுப்பு இல்லை, ஜூன் மாதம் தொடங்குகிறார்கள். முன்வரிசையில் ஹீட்டர் பக்கம் எனக்கு ஓர் இடம் சொல்லி வைத்துவிட்டேன்.